அப்பாவுக்குப் பால் ஊற்றிய நாள்

அன்று காலை அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அம்மா, பெரியப்பா, அத்தை, அத்தையின் வீட்டுக்காரரான மாமா, நான். வாசலில் தெருவே நின்றது. அவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. வராதவள் அக்கா ஒருத்திதான். திருப்பூரிலிருந்து அவளும் அத்தானும் பஸ் ஏறிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. இன்னொன்றும் அன்று அந்த வீட்டில் இல்லை. பால். ஒரு சொட்டு இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

உயிர் பிரியப்போகிறவரின் வாயில் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி பால் ஊற்றுவது எங்கள் பக்கத்தில் உண்டு. இழுத்துக்கொண்டு கிடக்கிறவர் அதைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போவார் என்பார்கள். அதற்குத்தான் பால் தேடினார்கள். அத்தை அடுப்படியில் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"என்னா அண்ணி, ஒரு பால் வூட்ல வைக்க மாட்டீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

ஒரு வருடத்துக்கு முன்னால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். பத்து வருடச் சர்க்கரை வியாதி அதில் கொண்டுவந்து விட்டிருந்தது. இரத்தப் பரிசோதனைச் சீட்டை நான்தான் வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்து என்று எது வந்தாலும் என்னிடம்தான் வரும். மனைப் பட்டா, கோயில் நிலத்துக் குத்தகை நோட்டீசு, இலவச டிவிக்கு வந்த டோக்கன், உர மூட்டைமேல் அச்சடித்திருப்பது, எல்லாம். அம்மா கைநாட்டு. அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார். அதையும் எழுதுவதாகச் சொல்ல முடியாது, கோலம் போடுகிற மாதிரி யோசித்து யோசித்து வரைவார். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவன். எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சீட்டைப் படித்துச் சொன்னேன்.

"யூரியா கூடியிருக்குப்பா."

"நான் எப்படா யூரியா தின்னேன்?"

"தின்னது இல்லப்பா. உடம்புலயே உண்டாவறது. கிட்னி அதை வெளியேத்தணும். உனக்கு ஏத்த மாட்டேங்குது. அப்பறம் பொட்டாசியம். அது பொட்டாஷ்ல இருக்கறதுதான். வாழைப்பழம், இளநீர் எல்லாத்திலயும் இருக்கு. அதையும் நிறுத்தணும்."

"யூரியா ஆச்சு, பொட்டாஷ் ஆச்சு. டி.ஏ.பி. ஒண்ணுதான் பாக்கி."

"அதுவும் இருக்குப்பா. டி.ஏ.பி.ல பாஸ்பரஸ் இருக்குல்ல? அது பால்ல நிறைய இருக்கு."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டுக்கு எவன்டா டி.ஏ.பி. போட்டான்?"

"வயல்ல போட்டது வைக்கோலுக்குப் போவுது. வைக்கோல் மாட்டுக்குப் போவுது. மாட்டுல இருந்து பாலுக்கு."

"அப்ப நான் வெதச்ச உரம்தான் என்னையத் தேடிக்கிட்டு வருதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோயாளியும் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. படித்தது வீணாகவில்லை, அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் இரண்டு கட்டம். ஒன்றில் தவிர்க்க வேண்டியவை, இன்னொன்றில் குறைக்க வேண்டியவை. பால் இரண்டாவது கட்டத்தில் இருந்தது. பக்கத்திலேயே நூறு மில்லி என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பரீட்சை எழுதியே முன்னுக்கு வந்தவனுக்கு ஒரு புத்தி உண்டு. குறைத்தால் பாதி மார்க், அடியோடு நிறுத்தினால் முழு மார்க் என்று மனம் கணக்குப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுதினேன். பால் சைபர். தயிர் சைபர். மோர் சைபர். முட்டை, பருப்பு, மீன், தேங்காய், கீரை, எல்லாம் சைபர். காய்கறியை நறுக்கி வெந்நீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அப்படியே செய்தாள். என் படிப்பின்மேல் அம்மா வைத்திருந்த நம்பிக்கை எனக்கே கிடையாது.

மாட்டைக் கொல்லையில் கட்டி வைத்துக்கொண்டு பாலை மட்டும் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் அதையும் அத்தை ஊருக்கு ஓட்டிவிட்டேன். அது குடவாசலுக்கு அந்தப் பக்கம். அப்பா தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்தார், மாட்டுக்கு வழி சொல்கிறவர் மாதிரி.

பால் அப்பாவுக்கு வெறும் பால் இல்லை என்பது எனக்குத் தெரியும். பெரியப்பா அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குப் பதினேழு பதினெட்டு வயதிருக்கும்போது பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னால் பத்து மாடு கறப்பார். பால் உள்ளே போகும், கூழ் வெளியே வரும். அப்போதுதான் கூலிச் சண்டை வந்தது. அறுப்புக்கு ஒருத்தரும் இறங்கக் கூடாது, பண்ணை வாசலை ஒருத்தரும் மிதிக்கக் கூடாது என்று சங்கத்தில் முடிவு. இரண்டு நாளில் மாடுகள் மடி கட்டிக்கொண்டு கதற ஆரம்பித்தன. எங்கள் தெரு வரைக்கும் கேட்டதாம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நான் போய்க் கறந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். போராட்டத்தை முறிக்கிறான் என்று ஒரு கூட்டம், வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது என்று ஒரு கூட்டம். சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு தலைமை தாங்கியவர் பெரியப்பா. கடைசியில் அவர் தீர்ப்பு சொன்னார்.

"கறக்கலாம். பால் உள்ள போவக் கூடாது."

அப்பா போய்ப் பத்து மாட்டையும் கறந்தார். காரியஸ்தர் வாளியோடு நின்றுகொண்டிருக்க, பாலை அத்தனையும் தெருவுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, கடைசிச் செம்பைத் தான் குடித்தார். கறந்தவர் குடித்த முதல் பால் அதுதான். அதற்குப் பிறகு கூலி உயர்ந்தது, மனைப் பட்டா வந்தது, கோயில் நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குக் கிடைத்தது. அப்பா கறுப்பு சிவப்புக் கரை போட்ட வேட்டிக்கு மாறினார். பெரியப்பா துண்டை மாற்றவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு பேரும் ஒரு மாதம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அப்பா சாயங்காலம் ஒரு செம்புப் பால் குடிப்பதை மட்டும் யார் ஆட்சியிலும் விட்டதில்லை.

அதைத்தான் நான் நிறுத்தினேன். டீக்கடையிலும் போய்ச் சொல்லிவிட்டேன். டீ மாஸ்டர் அப்பாவுக்கு முப்பது வருடப் பழக்கம். சர்க்கரை வந்த நாளிலிருந்து அப்பாவுக்குச் சீனி போடாத டீ. இப்போது பாலும் கிடையாது.

"ஏம்ப்பா, இது டீயா, கசாயமா?" என்று அப்பா கேட்பாராம்.

"தம்பி சொல்லிட்டாப்ல. நான் ஊத்திக் குடுத்து ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா எம்மேலதான் வரும். குடிச்சிட்டுப் போங்கண்ணே."

அப்பா என்னிடம் சண்டை போட்டதில்லை. அம்மாவிடம்தான் கேட்பார், அதுவும் நான் கேட்காத மாதிரி. "ஒரு வாய். நாக்கு நனையற அளவுக்கு." அம்மா முடியாது என்பாள். பிறகு அடுப்படியில் போய் நின்றுகொள்வாள். மூன்று மாதத்தில் அப்பாவின் சாப்பாடு பாதியானது. ருசி இல்லாத சோறு, ருசி இல்லாத காய். நான்கு கவளம் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. வியாதி முற்றுகிறது என்று தெரு பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சாப்பாடு குறைந்ததே தவிர, காலையும் மாலையும் போடுகிற சர்க்கரை மாத்திரை மட்டும் குறையவில்லை. அதை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். நோட்டில் டிக் அடிப்பேன்.

அன்று காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டார். இட்லி வேண்டாம், குமட்டுகிறது என்று படுத்தார். ஏழரைக்கு அம்மா எழுப்பினாள், எழவில்லை. நான் போய்த் தொட்டேன். உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்த மாதிரி வேர்வை. ஆனால் ஜில்லென்று இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் ஏதோ முனகினார், அதில் சொல் எதுவும் இல்லை.

வேனுக்குப் போன் செய்தேன். அன்று முகூர்த்த நாள். குடவாசலில் இருந்த வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. ஒரு டிரைவர் மட்டும் மாப்பிள்ளை வீட்டாரை இறக்கிவிட்டு வருகிறேன், பத்து மணி ஆகும் என்றார். எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடும் பழக்கம் அப்போது வரவில்லை. அக்காவுக்குச் சொன்னோம். அத்தையும் மாமாவும் மொபெட்டில் வந்து இறங்கினார்கள்.

பெரியப்பா வந்து அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இது உயிர் அடங்குற வேர்வை" என்றார்.

"இல்ல பெரியப்பா, வேன் வருது. தஞ்சாவூர் கொண்டு போயிடலாம்."

"வழியில போனா பொணமாத்தான்டா திருப்பிக்கிட்டு வரணும். வூட்ல கிடக்கட்டும். ரெண்டு மாசத்துக்கு முன்னயே டயாலிசிஸ் பண்ற நாள் வரும்னு டாக்டர் சொன்னாருல்ல? அதுக்கு என்னா அர்த்தம்?"

அதற்கு அர்த்தம் இது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு என்ன என்று தெரியவில்லை. பெரியப்பா கூட்டத்துக்குப் பந்தல் போட்டுப் பழகியவர். எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிற கை. வாசலுக்குப் போய்ப் பந்தல்காரருக்குப் போன் செய்து, வந்த ஆளிடம் முன்பணமும் கொடுத்துவிட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதற்குள் அத்தை பால் கேட்டாள். தெருவில் கறந்த பாலெல்லாம் ஆறு மணிக்கே சொசைட்டிக்குப் போய்விட்டிருந்தது. மாமா மொபெட்டை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். கால் மணி நேரத்தில் பாலிதீன் பையில் கட்டிய பாலோடு திரும்பினார். அவர் கண் சிவந்திருந்தது.

"மாஸ்டர் காசு வாங்கல" என்று மட்டும் சொன்னார்.

பாலை டம்ளரில் ஊற்றி ஆற்றினார்கள். பெரியப்பா கரண்டியை எடுத்தார். அண்ணன் என்ற முறையில் முதல் கரண்டி அவருடையது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் பெரியப்பா. பால் குடுக்கக் கூடாது. பாஸ்பரஸ் ஏறிடும்."

இப்போது எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அப்போது அது ஒன்றுதான் என் கையில் மிச்சம் இருந்தது. பால் ஊற்றிவிட்டால் அப்பா போய்விட்டார் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நோட்டில் சைபர் சைபராகவே இருக்கிறவரைக்கும் அவர் ஒரு நோயாளி. நோயாளிக்கு நாளை என்று ஒன்று உண்டு.

பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, பாவம் என்பதும் இருந்தது.

"டேய், சுடுகாட்டுல நிறுத்தி வச்சு, உனக்குப் பாஸ்பரஸ் எவ்வளவுன்னு கேப்பாங்களாடா? கையை எடு."

"எடுக்க மாட்டேன்."

"படிக்க வச்சது தப்பாப் போச்சு" என்றாள் அத்தை, அழுதுகொண்டே.

அம்மா அதுவரைக்கும் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். பெரியப்பாவின் கையிலிருந்த கரண்டியையும் அத்தையின் கையிலிருந்த டம்ளரையும் வாங்கிக்கொண்டாள்.

"ஒரு வருசமா என்கிட்ட கேட்டாரு. நான்தான் ஊத்துவேன்" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "தலையைத் தூக்கிப் புடி" என்றாள்.

அம்மா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து அப்பாவின் தலையை என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். முதல் கரண்டி உதட்டில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. தொண்டை அசைந்தது. அத்தை, "போதும் அண்ணி, எல்லாரும் ஊத்தணும்" என்று கை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை. குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி ஒவ்வொரு கரண்டியாக, ஒன்றை விழுங்கிய பிறகுதான் அடுத்தது என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை, "குடிங்க, குடிங்க. உங்களுக்குத்தான்" என்றாள். ஆளுக்கு ஒரு கரண்டி என்று வந்த பால் முழுவதும் ஒருத்தி கையால் தீர்ந்தது.

வாசலில் பெண்கள் குரல் எடுக்கத் தயாராக இருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய நேரம் வரவில்லை. ஐந்து நிமிடம் போயிருக்கும், பத்தும் போயிருக்கலாம். என் மார்பில் சாய்ந்திருந்த தலை கொஞ்சம் கனம் குறைந்த மாதிரி இருந்தது. அப்பா நாக்கை வெளியே நீட்டி உதட்டை நக்கினார். இன்னொரு தடவை நக்கினார். கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார்.

"எவடி இதுல சர்க்கரை போட்டது?" என்றார்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா இரண்டடி பின்னால் போனார். அத்தைதான் முதலில் பேசினாள். "அண்ணே, நீ இருக்கியா?"

"எங்க போனேன்?" என்றார் அப்பா. கூடி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லாரும் எதுக்கு நிக்கிறீங்க? எதாவது மனு குடுக்கப் போறோமா?"

சர்க்கரை போட்டது டீ மாஸ்டர். மாமா அங்கே போய், கடைசியாக ஊற்றுவதற்கு ஒரு பால் என்று சொன்னதும் மாஸ்டர் சர்க்கரை டப்பாவை எடுத்தாராம். பத்து வருடமாக ஒரு சீனி போடு, அரைச் சீனி போடு என்று அவரிடம் கேட்டுக் கேட்டு ஏமாந்து போன ஆள் அப்பா. கடைசிப் பாலையாவது இனிப்பாகக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று வழக்கமாகப் போடுவதற்குமேல் ஒரு கரண்டி சேர்த்து, மூன்று கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்திருக்கிறார்.

வேன் வந்தது. நானும் மாமாவும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் அதற்குள் நான்கு மூங்கில் நட்டு மேலே துணியும் போட்டுவிட்டிருந்தார்கள். அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"என்னா விசேசம்?"

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெயிலு அடிக்குதுல்ல. அதான்" என்றார்.

தஞ்சாவூரில் எங்களைப் பார்த்த டாக்டர் இளம் பெண். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார். மூன்று கரண்டிச் சர்க்கரை உள்ளே போன பிறகும் அளவு குறைவாகத்தான் இருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். நான் ஒன்று விடாமல் சொன்னேன், பால் ஊற்றியது உட்பட. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மயக்கத்துல கிடக்கறவங்களுக்கு வாயில ஊத்துவீங்களா? நுரையீரலுக்குள்ள போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஏதோ தலையைத் தூக்கிப் பிடிச்சீங்க. இனிமே அப்படிச் செய்யாதீங்க. சர்க்கரை இறங்கிடுச்சுன்னு தோணினா, முழிப்பு இருந்தா மட்டும் இனிப்பு குடுங்க. முழிப்பு இல்லன்னா நேரா இங்க கொண்டு வாங்க."

"சரிங்க மேடம்."

"என்ன சாப்பிடறார்?"

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். எங்கே போனாலும் அதைக் கொண்டு போவேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக.

"இந்த டயட் யார் போட்டுக் குடுத்தது?"

"நான்தாங்க."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி."

அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரித் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தார். "இங்க குறைக்கணும்னு இருக்கு. நிறுத்தணும்னு எங்க இருக்கு? பால், முட்டை, பருப்பு எல்லாத்துக்கும் அளவு எழுதியிருக்கே. நீங்க அவருக்குக் கிட்னிக்குப் பத்தியம் வைக்கல தம்பி. பட்டினி போட்டிருக்கீங்க."

பிறகு எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து விளக்கினார். சர்க்கரை மாத்திரை வேலை முடிந்ததும் சிறுநீரகம் வழியாக வெளியே போக வேண்டும். சிறுநீரகம் தளர்ந்துவிட்டால் போகாது, உடம்பிலேயே தங்கி மேலும் மேலும் சர்க்கரையை இறக்கும். சாப்பாடும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

"வடிகால் அடைச்சுக்கிட்டா வயல்ல தண்ணி நிக்குமே, அந்த மாதிரிங்களா?" என்று அப்பா படுத்தபடியே கேட்டார்.

"அதேதான். பயிர் அழுகிப் போகும்ல?"

"மூணே நாள்ல போயிடுங்க."

அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு மருந்து எழுதினார். மாத்திரையின் வேகம் முழுதாக இறங்குகிறவரைக்கும் மூன்று நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார். சிறுநீரகம் ஒரு வருடத்துக்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் தளர்ந்திருக்கிறது, டயாலிசிஸ் என்ற பேச்சு இப்போதைக்கு இல்லை என்றார். அதைக் கேட்டபோதுதான் காலையிலிருந்து நான் மூச்சை முழுதாக விடவே இல்லை என்று தெரிந்தது. வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. என்னால் போக இருந்த உயிர், நான் கூடாது என்ற பாலால் நின்றிருக்கிறது. என்னைத் திட்ட வேண்டியவர்கள் எல்லோரும் உள்ளே அப்பாவைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் என் நினைவே இல்லை.

அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று அத்தை போனில் சொன்னாள். அக்கா நம்பவில்லை. வெளியூரில் இருக்கிறவர்களுக்குச் சாவை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். ஒன்றுமில்லை, சும்மா வந்துவிட்டுப் போ என்றுதான் சொல்வார்கள். நன்றாக இருக்கிறார் என்று அத்தை அழுத்தி அழுத்திச் சொல்லச் சொல்ல, அக்காவின் அழுகை கூடிக்கொண்டே போனது. கடைசியில் போனை அப்பாவின் காதில் வைத்தேன்.

"நான்தாம்மா பேசறேன். சாவல. மெதுவா வா. வழியில எதாவது சாப்பிடு."

அந்தப் பக்கத்தில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் எங்கப்பா, எங்கப்பா என்று அக்கா சொல்வது கேட்டது.

மறுநாள் காலை டாக்டர் சுற்றி வரும்போது அப்பா தானாகவே கேட்டார். "பாலு குடிக்கலாங்களா?"

"ஒரு நாளைக்கு நூறு மில்லி. அதையே தயிரா சாப்பிட்டாலும் மோராக் குடிச்சாலும் கணக்குல சேரும். ரெண்டும் சேர்த்துக் கூடாது. சர்க்கரை போடாம."

"நூறு மில்லின்னா எவ்வளவுடா?" என்று என்னிடம் கேட்டார். நான் கையால் காட்டினேன். டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் முக்கால்கூட வராது. அவர் பார்வை என் விரல்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியிலேயே சற்று நேரம் இருந்தது. குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தெனமுமா?"

"தெனமும்ப்பா."

"போதும்" என்றார். அம்மா ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து சர்க்கரை இல்லாத பால் வாங்கி வந்தாள். நான் இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற சின்ன மூடியால் அளந்து, பத்து மூடி ஊற்றினேன். ஒரு மூடி பத்து மில்லி. அப்பா அதை ஒரே மடக்கில் குடிக்கவில்லை. பெரியப்பாவோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே அரை மணி நேரம் குடித்தார்.

"எனக்குப் பந்தல் போடறதுக்கு உனக்கு என்னா அவசரம்?"

"வந்தவங்க வெயில்ல நிக்கிறாங்களேன்னு போட்டேன்."

"உங்க ஆளுங்க ஆட்சிக்கு வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணுவீங்க. உயிரோட இருக்கும்போதே."

"உங்க ஆளுங்க ஆட்சியில செத்த பொறவும் பட்டா வராது. அதுக்கு இது தேவலாம்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் அன்று சாயங்காலம் ஊருக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று நாளும் நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசி நாள் அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போது, "அந்தத் தாளை நான் சரியாப் படிக்கலப்பா" என்றேன்.

"நீ படிச்ச. எனக்குப் படிக்கவே தெரியாது" என்றார். பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நோட்டைத் தூக்கிப் போட்டுடாத. புதுசா எழுது. சைபர் போடற எடத்துல எல்லாம் டாக்டரம்மாவைக் கேட்டுப் போடு" என்றார்.

புதிய நோட்டில் முதல் பக்கத்தை அந்த டாக்டரிடமே காட்டித் திருத்தி வாங்கினேன். இரண்டு இடத்தில் அடித்து எழுதினார். பாலுக்கு நேராக ஒன்றும் திருத்தவில்லை.

ஊருக்கு வந்தபோது பந்தலைப் பிரித்திருந்தார்கள். முன்பணத்தைப் பந்தல்காரர் திருப்பித் தரவில்லை. துணி கட்டியாச்சு, ஆள் கூலி ஆச்சு என்றார். சாயங்காலம் அப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று என்னிடம் கேட்டார்.

"இப்ப எதுக்குங்க அது?" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுக்கறேன். கருமாதி வரைக்கும் போயிருந்தா இதுமாதிரி பத்து மடங்கு ஆயிருக்கும். மிச்சம் எவ்வளவுன்னு பாக்கலாம்ல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். வேன் எண்ணூறு. பந்தல் ஐந்நூறு. வெளியே எடுத்த இரத்தப் பரிசோதனை இருநூற்று இருபது. கூட இருந்தவர்களின் மூன்று நாள் சாப்பாடு முந்நூற்று எண்பது. அக்காவும் அத்தானும் திருப்பூரிலிருந்து வந்து போக அறுநூற்று நாற்பது. ஆஸ்பத்திரியில் காசு இல்லை. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய். மாஸ்டர் காசு வாங்காததால், பால் சைபர்.